தன் வகுப்பைத் தானே ஆராயும் ஆசிரியர்

பள்ளியில் ஆய்வு என்றாலே வெளியிலிருந்து யாரோ வந்து, வினாத்தாள் கொடுத்து நிரப்பச் சொல்லி, புள்ளிவிவரம் திரட்டிக்கொண்டு போவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். செயலாராய்ச்சி வேறு வகை. பாடம் நடத்துகிறவரே தம் வகுப்பிலுள்ள ஒரு சிக்கலை எடுத்துக்கொள்கிறார். நடத்தும் முறையில் ஒரு மாற்றம் செய்கிறார். அதனால் என்ன நேர்ந்தது என்பதைச் சான்றோடு பார்த்து, அடுத்துச் செய்ய வேண்டியதைத் தீர்மானிக்கிறார். முடிவு ஆய்விதழுக்குப் போக வேண்டியதில்லை. மறுவாரம் அதே வகுப்புக்குப் போனால் போதும்.

இந்த முறைக்குப் பெயரும் வடிவமும் தந்தவர்களில் முதன்மையானவர் உளவியலாளர் கர்ட் லெவின். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-ல் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்குப் போனவர். 1946-ல் அவர் எழுதிய கட்டுரை பள்ளிகளைப் பற்றியதே அல்ல. சிறுபான்மையினருடனான உறவைச் சீர்படுத்துவது பற்றியது. திட்டமிடுதல், செய்தல், விளைவைக் கண்டறிதல், திட்டத்தைத் திருத்துதல் எனச் சுற்றிச் சுற்றி மேலேறும் படிகளாக அவர் செயலாராய்ச்சியை விவரித்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் கோரி இதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்; அவருடைய நூல் 1953-ல் வெளியானது. ஆனால் எடுத்துக்கொண்ட மாணவர் தொகை சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, ஆசிரியருக்கு ஆய்வுப் பயிற்சி இல்லை என்றெல்லாம் குறைகள் எழுந்தன. ஐம்பதுகளின் இறுதிக்குள் அமெரிக்காவில் அந்த வேகம் தணிந்துவிட்டது.

அதற்கு மறுவாழ்வு கிடைத்தது இங்கிலாந்தில், ஒரு நடைமுறை நெருக்கடியால். பிள்ளைகள் பள்ளியை விட்டு விலகக்கூடிய குறைந்தபட்ச வயது 15-லிருந்து 16-ஆக உயர இருந்தது, 1972-ல் உயர்ந்தும்விட்டது. ஏட்டுப் படிப்பில் நாட்டமில்லாத பிள்ளைகளுக்கு அந்தக் கூடுதல் ஆண்டில் எதைக் கற்பிப்பது? போர், வறுமை, குடும்பம், இன உறவு போன்ற சச்சரவுக்குரிய பொருள்களை வகுப்பில் விவாதிக்கவைக்கும் திட்டமொன்று 1967-ல் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் தலைமையில் தொடங்கியது. அதில் ஆசிரியர் தம் கருத்தைத் திணிக்காமல் நடுநிலை வகிக்க வேண்டும். சொல்வது எளிது. பேசிப் பேசியே பழகிய ஆசிரியர் அப்படி நடந்துகொள்கிறாரா என்பதை அவரே சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஆசிரியரே ஆய்வாளர் என்ற கருத்து ஸ்டென்ஹவுஸிடம் வலுப்பெற்றது இப்படித்தான்.

அவருடன் பணியாற்றிய ஜான் எலியட், கிளெம் அடல்மனோடு சேர்ந்து எழுபதுகளின் முற்பகுதியில் கிழக்கு ஆங்கிலியாப் பள்ளிகளில் வேறொரு திட்டத்தின் வழியே இதை மேலும் கொண்டுசென்றார். பிள்ளைகள் தாமாகக் கண்டறிந்து கற்க வேண்டும் என்று நம்பிய ஆசிரியர்கள் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தனர். ஒரே பாடத்தைப் பற்றி ஆசிரியர் சொல்வது, மாணவர் சொல்வது, வெளியிலிருந்து பார்த்தவர் சொல்வது ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். பலருக்கு அது அதிர்ச்சிதான். மாணவர் ஒரு கருத்தைச் சொன்னதும் ஆசிரியர் ‘நன்று’, ‘சரி’ என்கிறார். ஊக்குவிக்கிறோம் என்பது அவர் எண்ணம். மாணவர்களுக்கோ, ‘விடை கிடைத்துவிட்டது, இனி வேறு பேச வேண்டாம்’ என்று கேட்கிறது. மாற்றுக் கருத்து வைத்திருந்தவர் வாயை மூடிக்கொள்கிறார். கண்டறியும் கற்றலைக் கெடுத்தது நல்லெண்ணத்தோடு சொன்ன ஒரு பாராட்டு. தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

செயலாராய்ச்சியில் பாதி வேலை கேள்வியைச் சரியாகக் கேட்பதில் இருக்கிறது. ‘என் வகுப்புப் பிள்ளைகள் ஏன் வாயே திறப்பதில்லை?’ என்று தொடங்கினால் பழி பிள்ளைகள் மேலும் அவர்கள் வீட்டின் மேலும் போய் விழும். ‘நான் கேள்வி கேட்கும் முறையில் எதை மாற்றினால் இன்னும் பலர் பேசுவார்கள்?’ என்று கேட்டால் ஆசிரியரால் செய்யக்கூடியது கண்ணுக்குத் தெரியும். அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்று கண்டறிந்தார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன; வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினர். இதைப் படித்த ஓர் ஆசிரியர் தம் வகுப்பில் சோதிக்கலாம். முதலில் எதையும் மாற்றாமல் சில பாடவேளைகளைக் கைப்பேசியில் பதிவு செய்து, எத்தனை விநாடி காத்திருக்கிறார், யார் யார் விடை சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சில வாரம் வேண்டுமென்றே காத்திருந்து மறுபடி பதிவு செய்ய வேண்டும். பேசுகிறவர் தொகை கூடியும் பின்வரிசை மட்டும் அமைதியாகவே இருந்தால், அடுத்த சுற்றுக்கான கேள்வி அங்கே பிறக்கிறது.

பதிவும் கணக்கும் தாமாக எதையும் சொல்லிவிடாது. அவற்றை வைத்துக்கொண்டு, தாம் இதுவரை சரியென்று எண்ணியிருந்ததை ஆசிரியர் ஐயுற வேண்டும். தத்துவ அறிஞர் ஜான் டூயி 1910-லேயே சிந்தனையை இப்படித்தான் விளக்கினார்: ஒரு நம்பிக்கைக்கு என்ன ஆதாரம், அதை ஏற்றால் என்ன விளையும் என்று விடாமல் பார்ப்பது. ஆய்வாளர் டொனால்டு ஷோன் 1983-ல் வெளியிட்ட நூலில் இதை இரண்டாகப் பிரித்தார். பாடம் போய்க்கொண்டிருக்கும்போதே முகங்களைப் பார்த்துப் போக்கை மாற்றுவது ஒன்று. முடிந்தபின் உட்கார்ந்து அசைபோடுவது மற்றொன்று. அனுபவமுள்ள ஆசிரியருக்கு முதலாவது கைவந்திருக்கும். இரண்டாவதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. அன்றாடக் குறிப்பேடு இதற்கு உதவும் என்பார்கள். ஆனால் எதிர்த்துப் பேச ஆளில்லாத குறிப்பேடு தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொள்ளும் இடமாக எளிதில் மாறிவிடும்.

அதனால்தான் ஜப்பானியப் பள்ளிகளின் வழக்கம் கவனிக்கத்தக்கது. மெய்ஜி காலத்தில் வேர்கொண்ட பாட ஆய்வு முறையில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பைச் சுற்றி நின்று மாணவர்கள் என்ன செய்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறிப்பெடுப்பார்கள். பின்னர் நடக்கும் கூட்டத்தில் பேச்சு அந்தப் பாடத்தைப் பற்றியது. ஆசிரியரின் திறமைக்கு மதிப்பெண் போடுவதல்ல. பாடம் எல்லோரும் சேர்ந்து திட்டமிட்டது என்பதால் குறையும் எல்லோருக்கும் பொது. ஆய்வாளர்கள் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999-ல் எழுதிய நூலுக்குப் பிறகு அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் இந்த முறை பரவியது. ஓர் ஆசிரியரின் தனி முயற்சி பள்ளி முழுவதற்கும் உரியதாக மாற இப்படியொரு கூட்டம் தேவைப்படுகிறது. அதற்கு நேர அட்டவணையில் இடம் ஒதுக்குவது தலைமையாசிரியர் கையில்தான் இருக்கிறது.

இந்தியாவில் 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் உருவான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களுக்குச் செயலாராய்ச்சியும் ஒரு கடமையாகத் தரப்பட்டது. தமிழ்நாட்டில் பி.எட். படிப்பவர்களும் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் மட்டுமே வகுப்பைப் பார்க்கிறவருக்குச் சுற்றுக்குப்பின் சுற்றாகத் தொடர நேரம் போதாது. சிக்கல், கருதுகோள், முன்தேர்வு, பின்தேர்வு என்று அட்டைபோட்ட ஏடாக அது முடிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். முன்தேர்வைவிடப் பின்தேர்வில் மதிப்பெண் கூடியிருப்பதைக் காட்டினால் போதாது. நாள் போனாலே பிள்ளைகள் கொஞ்சம் கற்றிருப்பார்கள். பலன் தராத முயற்சியையும் உள்ளபடி எழுத இடமில்லாவிட்டால் ஏடுகளெல்லாம் வெற்றிக் கதைகளாகவே இருக்கும். மேலதிகாரி கேட்கிறார் என்பதற்காகச் செய்யும்போதும் இதுதான் நடக்கும்.

ஒரு வகுப்பில் கண்டது இன்னொரு வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று செயலாராய்ச்சி சொல்லிக்கொள்வதில்லை. மாணவர் தொகை சிறியது என்று கோரியின் காலத்திலேயே எழுந்த குறைக்கு ஸ்டென்ஹவுஸின் அணுகுமுறையில் ஒரு விடை உண்டு: பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பரிந்துரையும் பக்கத்து வகுப்பிலிருந்து வருவதும் ஒன்றுபோலக் கருதுகோள்களே, ஏற்பதற்கு முன் ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பில் அவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.