வெள்ளக் கணக்கிலிருந்து வித்தியாபீடம் வரை

கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கத்தில் உற்பத்தியாகி, ஓசூரைக் கடந்து கிருஷ்ணகிரிக்கு வரும் தென்பெண்ணையில், மேலே பெய்த மழை எத்தனை நாழிகையில், எவ்வளவு வெள்ளமாக வந்து சேரும் என்ற கேள்வி, கெலவரப்பள்ளி அணையிலும் கிருஷ்ணகிரி அணையிலும் மதகைக் காக்கும் பொறியாளர்களுக்கு மழைக்காலந்தோறும் எழுவது. இதே கேள்வியை ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், 1929-இல் கரூரை அடுத்த வாங்கலாம்பாளையத்தில் பிறந்த வா. செ. குழந்தைசாமி.

நிலம் உறிஞ்சியது போக எஞ்சிய மழை இரு மடங்கானால் ஆற்றின் வெள்ளமும் இரு மடங்காகும் என்பது அன்று வழக்கிலிருந்த எளிய கணக்கு. ஆனால் சரிவுகளும் ஓடைகளும் பள்ளங்களும் நீரைச் சற்றே தேக்கி வைத்துத்தான் கீழே விடுகின்றன. அந்தத் தேக்கத்தின் தன்மை வெள்ளத்தின் அளவுக்கேற்ப மாறுவதால், பழைய நேர்விகிதம் எல்லா வெள்ளத்துக்கும் பொருந்தாது என்பதைக் கணித சாஸ்திரத்தின் துணைகொண்டு அவர் ஆராய்ந்தார்.

கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராகவும், பின்னர் மாநிலத் தொழில்நுட்பக் கல்வி இயக்குநராகவும் பணியாற்றிய அவரை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் துணைவேந்தராகப் பெற்றது. 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் அவரே துணைவேந்தர். இதற்கிடையில், குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை இயற்றிய இவருக்கு, 'வாழும் வள்ளுவம்' நூலுக்காக 1988-இல் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் வேண்டுமென்று அவர் வாதாடியதைப் பலர் ஏற்கவில்லை. எனினும், எதிர்ப்பைக் கண்டு தம் கருத்தை மறைத்துக் கொள்ளாத அந்தத் தைரியம் நிர்வாகிகளிடம் அபூர்வமாகவே காணப்படுவது.

அவருடைய பதவிகளில் நான் மிக உயர்வாகக் கருதுவது, 1990-இல் ஏற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பையே. ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து, அறைக்குத் திரும்பியதும் பாடப் புத்தகத்தைப் பிரிக்கும் ஓர் இளைஞனுக்கு, வேலையை விடாமலே பட்டம் பெற வழி செய்வது அத்தகைய ஸ்தாபனமே. வாசலுக்கு வர இயலாதவனிடம் கல்வியே போய்ச் சேர வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டில் அவருக்கிருந்த ஈடுபாடு, பதவிக்காலத்தோடு முடிந்துவிடவில்லை. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்து, கடல் கடந்து வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு அரிச்சுவடி தொடங்கிப் பட்டப் படிப்பு வரை கற்பிக்கும் பணியை, எழுபது வயதுக்கு மேல் ஏற்று நடத்தினார்.