ரயிலை ஓட்டிப்போன மருத்துவப் படை

சூளூர்பேட்டைப் பிள்ளைகளுக்கு ராக்கெட் மேலே போவது புதிதல்ல. மொட்டைமாடிக்கு ஓடினால் போதும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நெருப்பு கிளம்புவது தெரியும். ஆனால் 2023 அக்டோபர் 21-ஆம் தேதி நடந்த சோதனையில் எல்லோரும் கவலையோடு காத்திருந்தது, அது கீழே இறங்குவதைப் பார்க்கத்தான். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக, ஆளில்லாத ஒரு கலம் சுமார் 17 கிலோமீட்டர் உயரம் போய், பாராசூட்டுகள் விரிய, கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் இறங்கியது. அந்தப் பாராசூட்டுகளை உருவாக்கியது ஆக்ராவிலுள்ள ராணுவ ஆராய்ச்சிக்கூடம்.

அதே ஆக்ராவில், பாராசூட் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிக்கும் டாக்டர்களின் படைப்பிரிவு ஒன்றும் இருக்கிறது. 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு என்று பெயர். கொரியப் போருக்கு அதை அழைத்துப் போனவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பெயரிலேயே ஆற்காட்டைத் தாங்கியவர். சித்தூர்ப் பிள்ளைகளுக்கும் அது அந்நியப் பெயர் அல்ல. 1911 வரை வடஆற்காடு ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான்.

டாக்டர் எதற்காக விமானத்திலிருந்து குதிக்க வேண்டும்? ஆஸ்பத்திரியில் இருந்தால் போதாதா?

போதாது. ஒரு பெரிய ஆளின் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் கொண்டு சேர்ப்பது அதுதான். காயத்தின் வழியே ரத்தம் போகப் போக, மிச்சமிருப்பதைச் சுற்றியனுப்ப இதயம் வேகவேகமாகத் துடிக்கும். கை கால் சில்லிட்டுப் போகும். நினைவு தப்பும். பெரிய தமனி அறுந்திருந்தால் சில நிமிடங்களில் உயிரே போய்விடும். அதனால் காயம் பட்டவரை டாக்டரிடம் கொண்டுபோகிற நேரம்தான் அவருடைய ஆயுளைத் தீர்மானிக்கிறது.

முற்காலப் போர்களில் இதைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்கவில்லை. பிரெஞ்சுப் படையில் மருத்துவ வண்டிகள் சில கிலோமீட்டர் பின்னால் நிற்க வேண்டும், சண்டை ஓய்ந்த பிறகே வர வேண்டும் என்பது சட்டம். 1792-ல் டொமினிக் லாரே என்ற இளம் அறுவை மருத்துவர் அதைக் கண்டு மனம் பொறுக்காமல், வேகமாக ஓடும் குதிரை வண்டிகளைச் சண்டை நடக்கும் இடத்துக்கே கொண்டுபோக ஏற்பாடு செய்தார். இன்றைய ஆம்புலன்ஸின் மூதாதை அதுதான். தளபதியா, சிப்பாயா, எதிரியா என்று பார்க்காமல், யாருடைய காயம் மோசமோ அவருக்கே முதல் சிகிச்சை என்ற முறையையும் அவர் கொண்டுவந்தார். உலகத்து அவசர சிகிச்சைப் பிரிவுகளெல்லாம் இன்றும் அந்த வழியில்தான் நடக்கின்றன.

லாரே குதிரையில் போனார், ரங்கராஜ் வானத்திலிருந்து இறங்கினார். பாராசூட்டில் குதித்த முதல் இந்திய ராணுவத்தினர் இருவர்: ரங்கராஜும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும். ஆண்டு 1941. பாராசூட் விரிந்ததும், காற்று மேல்நோக்கித் தள்ளும் விசையும் ஆளின் எடையும் சமமாகிவிடும். அதற்குப் பிறகு வேகம் கூடாது. அந்தக் காலத்துப் பாராசூட்டில் நொடிக்கு 6 மீட்டர் அளவில் இறங்குவார்கள். ஆளுயரச் சுவரிலிருந்து குதித்தால் என்ன வேகத்தில் தரையைத் தொடுவோமோ அதே வேகம். விறைப்பாக நின்றால் கால் முறியும். முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் உருண்டு விழுந்தால், மோதும் நேரம் நீள்கிறது, விசை குறைகிறது.

கொரியாவுக்கு இந்தியா சண்டையிடப் படை அனுப்பவில்லை. அனுப்பியது இந்த மருத்துவப் பிரிவைத்தான். 1950 நவம்பரில் அங்கே போய் இறங்கினார்கள். அடுத்த மாதமே சோதனை வந்தது. வட கொரியாவுக்கு உதவ வந்த சீனப் படை நெருங்க, பியோங்யாங் நகரத்தை எல்லோரும் காலி செய்துகொண்டிருந்தார்கள். மருத்துவச் சாமான்களை ஏற்ற லாரி இல்லை. எரித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று உத்தரவு. மருந்தும் அறுவைக் கருவியும் இல்லாமல் டாக்டர் மட்டும் போய் என்ன செய்வார்? ஊரெல்லாம் தேடி, கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்தார்கள். பாய்லரில் தண்ணீர் இல்லாமல் நெருப்பு மூட்டினால் இரும்பு பழுத்து வெடித்துவிடும். ரத்தமும் உறைகிற குளிரில் வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கைமாற்றி நிரப்பினார்கள். நீராவி ஏறியதும் சாமான்களோடு தாங்களே ரயிலை ஓட்டிக்கொண்டு தெற்கே போனார்கள். ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னால் அதைக் கடந்துவிட்டார்கள்.

1951 மார்ச் 23-ல் முன்சான்-னி என்ற இடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் பாராசூட்டில் குதித்தபோது, கூடவே இந்திய மருத்துவப் பிரிவினர் 12 பேரும் குதித்தார்கள். அதில் ரங்கராஜும் ஒருவர். இன்னொரு பக்கம், டேகு நகரத்தில் மேஜர் பானர்ஜி தலைமையில் மற்றொரு குழு கொரியப் பொதுமக்களுக்கு வைத்தியம் பார்த்தது. ரங்கராஜ், பானர்ஜி இருவருக்கும் மகாவீர் சக்கரம் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இழந்த ரத்தத்தை ஈடுகட்ட வேண்டும், ஆனால் ரத்தத்தைக் குளிரில் வைக்காவிட்டால் கெட்டுப்போகும். அப்போது ரத்தம் வந்தது கண்ணாடிப் புட்டியில். பிளாஸ்டிக் பை அந்தக் காலத்தில்தான் புழக்கத்துக்கு வரத் தொடங்கியது. ரத்தம் கெட்டுப்போகும் சிக்கலுக்கு இரண்டாம் உலகப் போரின்போதே ஒரு வழி கண்டார்கள். ரத்தத்தின் சிவப்பணு முதலியவற்றை நீக்கினால் மிஞ்சுகிற மஞ்சள் திரவம் பிளாஸ்மா. அதை உறையவைத்து, வெற்றிடத்தில் வைத்தால் பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிவிடும். பீரோவில் போட்ட அந்துருண்டை உருகாமலே சிறுத்துப் போகிறதே, அதே அறிவியல். மிஞ்சும் தூளை மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். சுத்த நீரைக் கலந்தால் சிகிச்சைக்குத் தயார். கொரியப் போரிலும் இது பல உயிர்களைக் காத்தது. ஒரு குறையும் இருந்தது: பலருடைய பிளாஸ்மாவைக் கலந்து செய்ததால், ஒருவரின் கல்லீரல் நோய்க் கிருமி பலருக்குப் பரவியது. ரத்தத்தைக் கிருமிகளுக்குப் பரிசோதிக்கும் முறைகள் பின்னால்தான் வந்தன.

இதே உறை-உலர்த்தும் முறையில்தான் பெரியம்மைத் தடுப்பூசி மருந்தும் தூளானது. பனிப்பெட்டி இல்லாத மலைக் கிராமங்களுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. ராணுவத்தை விட்டபின் ரங்கராஜ் உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கும் பணியில் முன்னின்றார். 1970-களின் தொடக்கத்தில் அந்த நாட்டில் பெரியம்மைப் பரவல் நின்றது. போரில் பெற்ற பதக்கத்தைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். அவர் 2009-ல் காலமானார். 60-வது பிரிவோ 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்கு ஓடிப்போய், இஸ்கெண்டெருனில் 30 படுக்கை ஆஸ்பத்திரி போட்டது.

சூளூர்பேட்டை வழியாகத்தான் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை போகிறது. அங்கே யாருக்காவது அடிபட்டு ரத்தம் கொட்டினால், முதலில் ஒரு பெரியவரைக் கூப்பிடுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, உறையத் தொடங்கிய ரத்தம் பிய்ந்துபோகும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். 108-ஐ அழைத்து, ஊர்ப் பெயரோடு பக்கத்திலுள்ள கிலோமீட்டர் கல்லில் என்ன எண் போட்டிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.