14 கிலோமீட்டர் டெஸ்ட்: டிராவலுக்கு எந்த கேமரா?

டிராவல் கேமராவுக்கு என்னோட பெஞ்ச்மார்க் திருவண்ணாமலை கிரிவலம்தான். 14 கிலோமீட்டர், வெறுங்கால், பௌர்ணமிக் கூட்டம்.

முதல் தடவை அம்மாவோட போனப்ப ஃபுல்-ஃப்ரேம் பாடி, 24-70 எஃப்/2.8 லென்ஸ். சேர்த்து ஒன்றரை கிலோ. பாதி வழியிலேயே தோள் வலி, கேமரா பைக்குள்ள போயிடுச்சு. குபேர லிங்கம் பக்கத்துல அம்மா உட்கார்ந்து என்னைப் பார்த்து சிரிச்சாங்க. ஜிப்பைத் திறக்கறதுக்குள்ள எழுந்துட்டாங்க. அந்தப் படம் என்கிட்ட இல்ல.

சென்சார் பெருசானா லென்ஸும் பெருசாகும். ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு ஃபுல்-ஃப்ரேமில் பாதிக்கும் குறைவு. அதனால எடையும் குறையும். அந்த சென்சாரோட வர்ற ரிக்கோ ஜிஆர் 3, பேட்டரியோட 257 கிராம்தான். நான் வாங்கினது சின்ன ஏபிஎஸ்-சி பாடி, எஃப்/1.8 பிரைம் லென்ஸ்.

இரவு வெளிச்சம் போதுமா? முழுசா ஜூம் பண்ணின கிட் லென்ஸ் எஃப்/5.6-ல நிற்கும். எஃப்/1.8 அதைவிட சுமார் 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். ஸ்டெபிலைசேஷன் நம்ம கை நடுக்கத்தை மட்டும்தான் சமாளிக்கும். நடக்கறவங்க கலங்காம விழணும்னா ஷட்டர் 1/125 வேணும். அதுக்குத்தான் அந்த ஒளி.

இழப்பும் உண்டு. மலை உச்சி தீபத்தைக் கீழேருந்து பெருசா எடுக்க முடியாது. பரவாயில்ல, அதை எடுக்க நிறைய பேர் இருக்காங்க. எங்க அம்மாவை எடுக்க நான்தான் இருக்கேன்.

வாங்கறதுக்கு முன்னாடி, அதே எடைக்கு தண்ணி பாட்டிலைத் தோள்ல மாட்டிட்டு 5 கிலோமீட்டர் நடந்து பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க.