ஆதித்த கரிகாலன்: திருக்கோவலூர் மலையமான் குலத்து இளவரசியின் மகன்

ஆதித்த கரிகாலன் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சோழ இளவரசன். சுந்தர சோழன், வானவன் மாதேவி ஆகியோரின் மூத்த மகன். குந்தவைக்கும் முதலாம் இராசராசனுக்கும் அண்ணன். அரியணை ஏறும் முன்பே, ஏறத்தாழ கி.பி. 969-இல் கொலை செய்யப்பட்டான்.

தாய்வழி

வானவன் மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவர். அக்குலத்தின் தலைநகரான திருக்கோவலூரே, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவிலூர். கணவன் இறந்தபின் அவர் தம் குழந்தையைப் பிரிந்து தீப்புகுந்த செய்தியை அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு கூறுகிறது.

பட்டத்துக்கு உரியவர் யார்?

முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் இறந்தான். எனவே அடுத்த மகன் கண்டராதித்தன் அரசனானான். அவனுக்குப்பின் அவன் தம்பி அரிஞ்சயனும், தொடர்ந்து அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழனும் ஆண்டனர். கண்டராதித்தனுக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உத்தம சோழனுக்கும் உரிமை இருந்தது. இவ்வாறு ஒரே அரியணைக்கு இரு கிளைகள் உண்டாயின. சுந்தர சோழன் தன் மகன் ஆதித்தனுக்கு இளவரசுப் பட்டம் சூட்டினான். பாண்டியருடன் நடந்த போரில் வென்ற ஆதித்தன், 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்ற அடைமொழி பெற்றான்.

கொலையும் கல்வெட்டும்

ஆதித்தன் இறந்தபின் உத்தம சோழன் ஆட்சிக்கு வந்தான். அவனுக்குப்பின் 985-இல் இராசராசன் முடிசூடினான். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரை அது குறிப்பிடுகிறது. அவர்களுடைய சொத்துகளும் உறவினர் சொத்துகளும் பறிமுதல் செய்யப்பட்டதையும் தெரிவிக்கிறது.

உத்தமனுக்குப் பங்கு உண்டா?

கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார், தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தே இந்நடவடிக்கை பதிவாகியுள்ளதை ஐயப்படுவோர் சுட்டுகின்றனர். ஆனால் கல்வெட்டு சொல்வது சொத்துகளைப் பற்றியே. முன்பு தண்டனை எதுவும் தரப்படவில்லை என்று அது கூறவில்லை. உத்தமன்மீது குற்றமும் சாட்டவில்லை. 'பஞ்சவன்' என்பது பாண்டியரைக் குறிக்கும் பெயர் என்பதால், இது பாண்டியர் தரப்பின் பழிவாங்கல் என்று கருதுவோரும் உண்டு. ஆயினும் மற்றொருவரின் பட்டத்தில் சோழர் பெயரே உள்ளது. ஆகவே பட்டப்பெயர்களை மட்டும் கொண்டு முடிவு கட்ட இயலாது.

இங்கிலாந்தில் ஒரு நிகழ்வு

ஏறத்தாழ அதே காலத்தில், 978-இல், ஆங்கிலோ-சாக்சன் இளம் மன்னன் எட்வர்டு கார்ஃப் என்னுமிடத்தில் கொல்லப்பட்டான். அவனுடைய மாற்றாந்தாயின் மகன் எதெல்ரெட் அரசனானான். பிற்கால நூல்கள் மாற்றாந்தாய்மீது பழி சுமத்தின. இரு நாடுகளிலும், கொலையால் யாருக்குப் பயன் கிடைத்ததோ அவர் பக்கமே ஐயம் திரும்பியது. ஆனால் பயன் பெற்றது மட்டுமே குற்றத்துக்குச் சான்றாகாது.

மாணவர் கவனத்துக்கு

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியாகவே பலர் ஆதித்தனை அறிகின்றனர். அதில் வரும் நந்தினி கற்பனைப் பாத்திரம். இரவிதாசன் கல்வெட்டில் உள்ள பெயர். அவனுக்கு நாவலில் அமைந்த பேச்சும் சூழ்ச்சியும் கல்கியின் படைப்பு. கொலையாளிகளின் பெயர்கள் கல்வெட்டில் உள்ளன. அவர்களைத் தூண்டியவர் எவரும் அதில் குறிக்கப்படவில்லை.