தோட்டத்துக்கு வந்த அலை

வானொலி என்றதும் நம் தலைமுறைக்குப் பண்பலைதான் நினைவுக்கு வரும். ஆனால், கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் தமிழ் கேட்டது மத்திய அலையிலும் சிற்றலையிலும்தான்.

1946 ஏப்ரல் 1-இல் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு மலாயா வானொலி தொடங்கியது. அவசரகாலத்தில் (1948–1960) அரசின் செய்தி மக்களைச் சேர வேண்டுமென்று பல இடங்களில் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. 1959 ஜனவரி 1 முதல் கோலாலம்பூர் தலைமையிடமானது. அதன் தமிழ்ப் பிரிவே பின்னாளில் வானொலி 6 ஆகி, 2005-இல் மின்னல் எஃப்.எம். எனப் பெயர் பெற்றது.

மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டிப் பயணம் செய்யும். ஈரமான சமவெளியும் கடல்நீரும் அதற்கு நல்ல வழி; எங்கள் கடலோர வட்டாரத்திற்கு இது வாய்ப்பாக அமைந்தது. இரவில் அதே அலை வானின் மின்னணு அடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் போகும். அதனால் அயல்நாட்டு நிலையங்களும் இடையே புகுந்துவிடும். பெட்டியைச் சற்றுத் திருப்பி வைத்தால் குரல் தெளியும். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு ஏரியல் திசைக்கேற்ப வேலை செய்வதே காரணம்.

இந்த இரவுக் குறுக்கீட்டைக் குறைக்கவே 1975-இல் ஜெனீவாவில் நாடுகள் கூடி உடன்பாடு கண்டன. நம் பகுதியில் அலைவரிசைகளுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்பது அதில் உறுதியானது.

அடுத்தது உரிமம். அக்காலத்தில் கேட்பதற்கே உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். என் பாட்டி அந்தச் சீட்டைப் பிறப்புப் பத்திரங்களோடு தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தார். பேசுவதற்கான உரிமமோ அரசிடமே இருந்தது. 1999 ஏப்ரல் 1-இல் நடப்புக்கு வந்த தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998 உரிமங்களை வகைப்படுத்தியது. ஒலிபரப்பு வசதிக்கு ஒன்று, உள்ளடக்கத்திற்கு மற்றொன்று. அலைவரிசை ஒதுக்கீடு இவற்றினின்று வேறு.

பாட்டி பணம் கட்டிக் கேட்டார். தம் தோட்டத்துக் கதையை அந்தப் பெட்டியில் ஒருநாளும் கேட்டதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயன்கள் இடிக்கப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குச் சிதறிவிட்டனர். அவர்களின் குரலைப் பதிவு செய்ய இன்று எந்த உரிமமும் தேவையில்லை, கைப்பேசியே போதும். வரும் விடுமுறையில் ஊர் திரும்பும் நண்பர்கள் ஆளுக்கொரு முதியவரின் குரலையாவது பதிந்து வரலாமே!