மாமாவின் மஞ்சள் அட்டை
(ஆப்பிரிக்கா போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை)

ஆப்பிரிக்கான்னதும் சிங்கம், யானைதான் நம்ம ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்க சின்ன மாமா ஐவரி கோஸ்ட் போன பிறகு முந்திரிதான் ஞாபகம் வருகிறது.

மாமா பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவரிடம் வேலை செய்கிறார். பண்ருட்டியில் விளையும் கொட்டை அங்குள்ள கம்பெனிகளுக்குப் பத்தாது. அதனால் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பச்சைக் கொட்டையாகவே கப்பலில் வருகிறது. உலகத்திலேயே அதிகமாக முந்திரிக் கொட்டை விளைவது ஐவரி கோஸ்டில்தான். பிப்ரவரியில் அங்கே அறுவடை தொடங்கும். மூட்டையிலிருந்து கொஞ்சம் கொட்டையை எடுத்து ரெண்டாக வெட்டி, பருப்பு நல்லதா சொத்தையா என்று பார்ப்பதுதான் மாமாவின் வேலை.

போவதற்கு முன் முக்கியமான வேலை ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட அட்டை இல்லாமல் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். இதைக் கேட்டதும் முத்தியால்பேட்டை ஆயா, "காமாலைக்கு எதுக்குடா ஊசி? கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சிட்டுப் போ" என்றார்கள். ஆனால் இது நம்ம ஊர் மஞ்சள் காமாலை இல்லை. கொசு கடித்து வரும் வைரஸ் காய்ச்சல். ஈரலைத் தாக்குவதால் கண் மஞ்சளாகும், அதனால்தான் அந்தப் பெயர். இதைக் குணமாக்கத் தனி மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த ஊசி போடமாட்டார்கள். அரசாங்கம் அனுமதித்த இடங்களில்தான் போடுவார்கள். மாமா சென்னை கிண்டி கிங் நிலையத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டார். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும். அதனால் டிக்கெட் எடுத்த பிறகு அவசரமாக ஓடினால் பிரயோஜனம் இல்லை. முன்பெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் போடவேண்டும். 2016-லிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும்.

அட்டை திரும்பி வரும்போதும் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த நாடுகளிலிருந்து அட்டை இல்லாமல் வந்தால் நம்ம விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு? மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு இங்கே நிறைய இருக்கிறது. நமக்கு டெங்கு கொடுக்கும் அதே கொசுதான். நோயோடு ஒருத்தர் வந்து, அவரைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே பணம் சீஃபா பிராங்க். மேற்கு ஆப்பிரிக்காவில் எட்டு நாடுகளுக்கு அந்த ஒரே பணம். பிளக் பாயிண்ட் பிரான்ஸ் மாதிரி, நம்ம மூணு முள் பிளக் நுழையாது, ரெண்டு முள் செல் சார்ஜர் நுழையும். நேரம் நம்மைவிட ஐந்தரை மணி பின்னால். மாமா ராத்திரி சாப்பிட்டுவிட்டு போன் போட்டால் நமக்கு நடுராத்திரி! சாப்பாட்டுக்கு அட்டியேகே. மரவள்ளிக்கிழங்கைத் துருவி, புளிக்கவைத்து, ஆவியில் வேகவைப்பது. பார்க்க ரவை உப்புமா மாதிரி இருக்குமாம், வறுத்த மீனோடு சாப்பிடுவார்களாம்.

பேச்சு பிரெஞ்சு. இதில் எங்க தாத்தாதான் மாமாவுக்கு வாத்தியார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, பென்ஷன் வாங்குகிறவர். "போனதும் விலையைக் கேக்காதே. மொதல்ல போன்ழூர் சொல்லு, வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேளு. அப்புறம்தான் கொம்பியேன்" என்று சொல்லி அனுப்பினார். அங்கே வணக்கம் சொல்லாமல் பேச ஆரம்பித்தால் மரியாதை இல்லாதவன் என்று நினைப்பார்களாம். தாத்தா சொன்னபடி செய்ததால் மாமாவை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் மூட்டையைப் பிரித்தார்களாம்.

இப்போது மலேரியாவுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே எழுத ஆரம்பித்தேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி மலேரியாவைத் தடுக்காது. ஏடிஸ் பகலில் கடிக்கும், மலேரியா கொசு ராத்திரியில் கடிக்கும். அங்கே பரவுவது பெரும்பாலும் பால்சிபாரம் என்ற வகை, மூளை வரைக்கும் போகும். அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அங்கே இருக்கும்வரை தினமும் போடவேண்டும். (வெறும் வயிற்றில் போட்டுவிட்டுப் படுத்ததில் மாமாவுக்கு நெஞ்செரிச்சல். சாப்பிட்ட பிறகு நிறைய தண்ணீரோடு போடணும்.) கொசுவலையும் வேண்டும்.

போன வருஷம் மாமாவோடு வேலை செய்யும் அண்ணன் ஒருத்தர், "ஊருக்குத்தான் வந்துட்டோமே" என்று வந்த அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டார். பன்னிரண்டாம் நாள் குளிர் காய்ச்சல். பக்கத்துக் கிளினிக்கில் எங்கே போய்வந்தீர்கள் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காய்ச்சல் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் பெண்டாட்டியையே அடையாளம் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தம் பார்த்து மலேரியா என்று கண்டுபிடித்தார்கள், பிழைத்துவிட்டார். கிருமி முன்பே உடம்புக்குள் வந்து ஈரலில் ஒளிந்திருக்கும், சில நாள் கழித்துத்தான் ரத்தத்துக்கு வரும். அதனால்தான் ஊருக்கு வந்த பிறகும் மாத்திரை. அப்படியும் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் "ஆப்பிரிக்கா போய்வந்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும்.

மாமா போன மாசக் கடைசியில் திரும்பி வந்தார். அவருடைய மாத்திரையை வந்த பிறகு 28 நாள் போடவேண்டும். ஆயா வீட்டு நாள்காட்டியில் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் பென்சிலால் டிக் போடுகிறேன். "மறந்தா என்ன பாப்பா, ஒரு நாள்தானே" என்று மாமா சொன்னால் தாத்தா முறைப்பார். நேற்றோடு பதினேழு டிக் ஆகிவிட்டது. இன்னும் பதினொன்று பாக்கி.

— 9-ஆம் வகுப்பு மாணவி