பத்துப் பேர் சேர்ந்தால் இரண்டு மடங்கு

டிசம்பர் இரவுகளில் கன்னிவாடிப் பக்கம் கேரல் ரவுண்ட்ஸ் போகிற பிள்ளைகள் வந்து சேர்வதற்கு வெகுநேரம் முன்பே அவர்களுடைய பாட்டு வந்துவிடும். பகலில் பக்கத்துத் தெருவில் பாடினாலே பாதி வார்த்தை காற்றோடு போய்விடுகிறது. ராத்திரி பத்து மணிக்கோ, ஊரின் மறுகோடியில் ஒரு கிடாரும் ஒரு டோலக்கும் பத்துப் பதினைந்து தொண்டைகளும் எழுப்புகிற சத்தம் நம் வாசலில் வந்து நிற்கும். "ஊர் அடங்கிடுச்சு, அதான் கேக்குது" என்பார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி மலையில் இருக்கிறது.

கன்னிவாடி இருப்பது பழனிமலைத் தொடரின் கிழக்கு அடிவாரத்தில். மேலே பன்றிமலை, ஆடலூர். பொழுது சாய்ந்ததும் மலைச்சரிவு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து, கனத்து, மெல்லக் கீழே இறங்கி அடிவாரத்தில் தேங்கும். தரையை ஒட்டிக் குளிர்காற்று, அதற்கு மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று என்று இரண்டு அடுக்காகிவிடும். சுழியம் டிகிரியில் ஒலி விநாடிக்கு 331 மீட்டர் ஓடும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 0.6 மீட்டர் வேகம் கூடும். எனவே ஒலியலையின் மேல்பகுதி கீழ்ப்பகுதியை முந்திக்கொண்டு ஓட, அலை தரையை நோக்கி வளைகிறது. வானத்துக்குப் போயிருக்க வேண்டிய பாட்டு திரும்ப ஊருக்குள்ளேயே இறங்குகிறது. பகலில் இது அப்படியே தலைகீழ். தரை கொதிக்கும்போது அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். கிறிஸ்து பிறப்புப் பாடல்களை ராத்திரியில் பாடுவது என்று முடிவு செய்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நல்ல நேரமாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒருவர் பாடுகிற இடத்தில் பத்துப் பேர் சேர்ந்து பாடினால் சத்தம் பத்து மடங்கு ஆகும் என்றுதான் தோன்றும். ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆவது உண்மைதான். ஆனால் டெசிபல் கணக்கில் அது 10 டெசிபல் உயர்வு மட்டுமே. நம் காது 10 டெசிபல் உயர்வை ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாக எடுத்துக்கொள்கிறது. நூறு பேர் பாடினால்தான் நான்கு மடங்கு. சத்தம்தான் வேண்டுமென்றால் ஒரு மைக் போதும். பங்கில் உள்ள பிள்ளைகளையெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பாடற்குழு எதற்கு?

ஒரே சுரத்தைப் பாடுகிறோம் என்று இருபது பேர் நினைத்துக்கொண்டு பாடும்போது, உண்மையில் யாரும் ஒரே சுரத்தில் இருப்பதில்லை. ஒருவர் விநாடிக்கு 440 அதிர்வில் இருப்பார், பக்கத்தில் நிற்பவர் 442-இல். இரண்டும் கலக்கும்போது விநாடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். இருபது பேர் இப்படி இம்மி இம்மியாக விலகி நிற்க, ஒவ்வொரு ஜோடியும் தனக்கென்று ஓர் ஏற்ற இறக்கத்தை உண்டாக்க, எல்லாம் சேர்ந்து பட்டுச்சேலையின் மினுமினுப்புப் போல ஒன்று எழுகிறது. அதைத்தான் நாம் 'கோரஸ்' என்று உடனே கண்டுகொள்கிறோம். ஒரே ஆளின் குரலைக் கணினியில் இருபது பிரதி எடுத்துத் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கேட்பது கோரஸ் அல்ல, உரக்கப் பாடும் ஒரே ஆள்தான்.

இந்த விலகலை அளந்தவர்களில் முக்கியமானவர் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரம். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை நூறு பங்காக்கி, ஒரு பங்கைச் 'சென்ட்' என்பார்கள். தேர்ந்த பாடற்குழுவிலேயே பாடகர்கள் ஒருவருக்கொருவர் 10, 15 சென்ட் விலகித்தான் பாடுகிறார்கள். இவ்வளவு நுண்ணிய இடைவெளிகளுக்காகவே ஆயுளைச் செலவிட்ட ஒருவர் இந்தப் பக்கத்தில்தான் வயலின் கற்றார். ஆபிரகாம் பண்டிதர் இளம் வயதில் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சிக்கு வந்தவர்; சடையாண்டி பத்தரிடம் வயலின் பயின்றது அப்போதுதான். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 அல்ல, 24 என்று வாதாடிய அவருடைய கருணாமிர்த சாகரம் 1917-இல் வெளிவந்தது. 24 சம பங்கு என்றால் ஒவ்வொன்றும் 50 சென்ட். நல்ல பாடற்குழுவின் பிசகு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை இல்லாமல் செய்துவிட்டால் பாடற்குழுவே இல்லை.

இந்தக் கலவையில் எந்தக் குரலும் தனித்துத் தெரியக் கூடாது. அதனால்தான் குழுவில் உண்மையான தலைவலி சுமாராகப் பாடுகிறவரால் வருவதில்லை, 'நல்லாப் பாடுற' ஒருவரால் வருகிறது. எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார். மேடையில் தனியாகப் பாடப் பயின்ற மேற்கத்திய ஆண் பாடகர்கள் 3000 ஹெர்ட்ஸ் அருகே தங்கள் குரலின் ஆற்றலைக் குவித்து, பக்கவாத்தியம் எத்தனை இருந்தாலும் மேலே வந்துவிடுவார்கள். அவர்களே குழுவில் நிற்கும்போது அந்தக் குவிப்பைத் தணித்துக்கொள்கிறார்கள் என்பதும் அளந்து பார்த்த உண்மை. நம் பக்கம் இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. "அடங்கிப் பாடு" என்றால் பிள்ளைகளுக்கு அவமானமாகப் படுகிறது.

குழுவில் நிற்பவருக்குத் தன் குரலும் கேட்க வேண்டும், மற்றவர்கள் குரலும் கேட்க வேண்டும். சராசரியாகப் பாடகர்கள் விரும்புவது, மற்றவர்களைவிடத் தன் குரல் சுமார் 6 டெசிபல் கூடுதலாகக் கேட்பதைத்தான். அது கிடைக்காதபோது கையைக் குவித்துக் காதோடு வைத்துக்கொள்கிறார்கள். பாவனை போலத் தெரிந்தாலும் அது வாயிலிருந்து காதுக்கு ஒரு வாய்க்கால் வெட்டுகிற வேலை. கீபோர்டு சத்தத்தையும் ஸ்பீக்கரையும் ஏற்றி வைத்துவிட்டால் கையைக் குவித்தும் பயனில்லை. இரைச்சலுக்கு மேல் எழும்பப் பார்த்து எல்லோரும் கத்துவார்கள்; கத்தும்போது சுருதி விலகும். இன்று பல ஆலயங்களில் இரண்டு பேர் கையில் மைக்கும், பின்னால் வாயசைக்கும் பதினைந்து பேருமாகப் பாடற்குழு சுருங்கிப்போனதற்கு அந்த ஸ்பீக்கர்தான் காரணம் என்பது என் கட்சி.

கூடிப் பாடுவதற்கு இந்த வட்டாரத்தில் நீண்ட வரலாறு உண்டு. திண்டுக்கல்லும் வத்தலக்குண்டும் அமெரிக்க மதுரை மிஷனின் நிலையங்கள். கொடைக்கானலை 1845-இல் குடியிருப்பாக்கியதும் இவர்களே. அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், ஐரோப்பிய மெட்டுகளில் தமிழைத் திணித்தால் ஊர் மக்கள் பாட மாட்டார்கள் என்று புரிந்துகொண்டு, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் உருப்படிகளுக்குப் பெரிய இடம் கொடுத்து 1853-இல் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். சாஸ்திரியார் அப்போது உயிரோடு இருந்தார். ராகத்தில் அமைந்த கீர்த்தனையில் சுரம் ஓரிடத்தில் நிற்காது; கமகத்தோடு அசையும். நான்கு குரல் இசைவுக்கோ ஒவ்வொரு சுரமும் ஆடாமல் நிற்க வேண்டும். ஆகவே சி.எஸ்.ஐ. ஆலயங்களில் ஐரோப்பிய மெட்டில் அமைந்த பாமாலையை நான்கு குரலில் பாடுவார்கள், கீர்த்தனையை எல்லோரும் ஒரே மெட்டில் பாடுவார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் 1960-களின் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு திருப்பலி தமிழுக்கு வர, பங்குப் பிள்ளைகள் பாடுவதற்குப் புதுப் பாட்டுகள் பெருகின. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை அண்ணன்', இன்னும் ஒரு படி இறங்கினார். கிராமத்து மெட்டும் பறையும் வைத்து வழிபாட்டுப் பாடல்கள் கட்டினார். பாடுகிறவர்கள் அவற்றைத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்றார். நோட்டேஷன் படிக்கத் தெரியாத பிள்ளையும் முதல் நாளே சேர்ந்து பாடிவிடலாம்.

சேர்வதைவிடத் தொடர்வதுதான் பையன்களுக்குக் கஷ்டம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல்நாண்கள் மளமளவென்று நீளத் தொடங்கும். வளர்ந்த ஆணின் குரல்நாண் பெண்ணினுடையதைவிட ஏறத்தாழ 60 சதவீதம் நீளம். நீண்ட கம்பி தாழ்ந்த சுரம் தரும்; பேச்சுக்குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி இறங்கும். பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும், ஆனால் ஒன்றிரண்டு சுரத்தோடு நின்றுவிடும். பையன்களுக்கு மகரக்கட்டு உடைந்தால் பாட்டின் நடுவிலேயே குரல் வழுக்கி விழும், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அடுத்த வாரம் அவன் வர மாட்டான். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்தால் ஸ்திரீ பார்ட் போய்விடும். வியன்னாவின் புனித ஸ்டீபன் ஆலயப் பாடற்குழுவும் பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற ஹைடனை, குரல் உடைந்ததும் வெளியே அனுப்பியது.

அனுப்ப வேண்டியதில்லை என்பதே இன்றைய முடிவு. அமெரிக்கரான ஜான் குக்ஸி, பையன்களின் குரல் மாற்றத்தைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு படியிலும் அவனுக்கு வசதியாகப் பாடக் கிடைப்பது சில சுரங்கள்தான். அந்தச் சில சுரங்களுக்குள் அவனுக்கு ஒரு பாட்டு வரியைக் கொடுத்தால் குரலுக்குக் கேடில்லாமல் தொடரலாம். நம் ஊரில் கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி 'நாலு கட்டை' வைத்துவிட்டு எல்லோரையும் அதிலேயே பாடச் சொல்கிறார். பெண் பிள்ளைகளுக்குத் தணிவு. பெரிய பையன்களுக்கு உச்சம். மகரக்கட்டில் இருப்பவனுக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. அவனுக்கு மட்டும் பல்லவியில் கீழ் ஷட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம். தம்புராவின் வேலை அது. யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கூடிப் பாடும்போது உடம்புக்குள் நடப்பது இன்னும் விசித்திரம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கும், விடும்போது தணியும். பாட்டு என்பதே அளந்து விடும் மூச்சுதான்; ஒரு வரி முடியும் வரை விட்டு, சட்டென்று இழுத்து, மறுபடி விட வேண்டும். எல்லோரும் ஒரே வரியைப் பாடும்போது எல்லோருடைய மூச்சும் ஒரே இடத்தில் வாங்கப்பட்டு ஒரே இடத்தில் விடப்படுகிறது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் பதினெட்டு வயது மாணவர்கள் 15 பேருக்குக் கருவி பொருத்திப் பாடவிட்டுப் பார்த்தார் பியோர்ன் விக்ஹோஃப். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், வெறுமனே முனகியபோது ஆளுக்கொரு போக்கில் இருந்த இதயத் துடிப்பு, ஞானப்பாடலைப் பாடியபோது சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கியது. மெதுவான மந்திர ஓசையில் இந்த ஒத்திசைவு இன்னும் தெளிவாக வந்தது. இதனால் நட்பு வளரும் என்று இந்த ஓர் ஆய்வை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. பதினைந்து பேர் என்பது சின்னக் கூட்டம்.

நட்பைப் பற்றி வேறோர் ஆய்வு உண்டு. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான வகுப்புகளை ஏழு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். சிலருக்குப் பாட்டு, சிலருக்குக் கைவேலை, சிலருக்கு எழுத்துப் பயிற்சி. ஏழாம் மாத முடிவில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஒரே அளவுதான். ஆனால் முதல் மாதத்தில் பாட்டு வகுப்பு மற்றவற்றை எளிதாக முந்திவிட்டது என்று 2015-இல் எழுதினார்கள். ஒரே பங்கில் இருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத தெருக்களின் பிள்ளைகளைக் கொண்டு கேரல் குழு அமைக்கிறவருக்கு இது பயன்படும் செய்தி. அவருக்கு ஏழு மாதமெல்லாம் கிடையாது. திருவருகைக்காலம் தொடங்கினால் கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம்தான்.